மடி கரையேறுமுன்

கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்கள். கயிறு விறைத்து நிற்கிறது. நான் கொழும்பில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுகிறவன். ஆளுக்கு இரண்டு சீட்டு தரும் ஆட்டத்தில் நல்ல சீட்டு விழுந்த கை பெரும்பாலும் தாங்கும். நான்கு சீட்டு தரும் ஆட்டத்திலோ எல்லார் கையின் பலமும் ஏறத்தாழ ஒன்றுதான், கடைசிச் சீட்டு யாரையும் கவிழ்க்கும். தூண்டில்காரன் ஆடுவது முதலாவது, என்ன சிக்கியது என்று கடைசிவரை தெரியாத கரைவலைக்காரன் ஆடுவது இரண்டாவது என்று தோன்றுகிறது. வலைக்கு மேலே பறவைகள் வட்டமிடுகின்றன. மீன் இருக்கும் என்று பந்தயம் கட்ட எனக்குக் கை துறுதுறுக்கிறது.

வலைச் சொந்தக்காரரிடம் போய், இங்கே அண்ணனை அழைப்பதுபோல் 'நானா' என்று அழைக்கிறேன். "நானா, என்ன வந்தாலும் நான் எடுக்கிறன். இப்பவே விலை பேசுவமா?"

கயிறு இழுப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் முகம் இறுகுகிறது.

"மீன் இன்னும் கடலுக்க கிடக்கு தம்பி. காணாத மீன விக்க ஏலா. மார்க்கத்தில ஹராம்."

"நட்டம் வந்தா எனக்குத்தானே?"

"உங்கட நட்டத்தில நான் சோறு தின்னவா?"

வலையின் மடி கரையேறுகிறது. அவிழ்த்ததும் மணலில் சரிவதெல்லாம் தின்ன உதவாத, கூழ்போன்ற சொறிமுட்டை. இடையில் கொஞ்சம் நெத்தலி துடிக்கிறது. அதில் ஒரு பிடியை அள்ளி அவர் என் முன்னால் நீட்டுகிறார்.

"இப்ப கண்ணால கண்டுட்டீங்க. சொல்லுங்க தம்பி, என்ன விலை?"