இடைவேளை வரை எழுதிய விமர்சனம்

மூன்று வருடங்களுக்கு முன்பு பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முகநூலில் சினிமா விமர்சனமும் எழுதிவந்தேன். நிறையப் பேர் படிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்போது ஒரு படம் வந்தது. நம் பக்கத்துப் பையன் ஒருவன், படிப்பு முடிந்த கையோடு மென்பொருள் கம்பெனி தொடங்கி, சின்ன வயதிலேயே பெரிய ஆளான உண்மைக் கதை. லீவு போட்டு, முதல் நாளே காந்திபுரம் பக்கம் ஒரு தியேட்டருக்குப் போனேன். இடைவேளையில் மகளின் பள்ளியிலிருந்து போன். விளையாடும்போது விழுந்துவிட்டாளாம். அலறியடித்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, முட்டியில் சிராய்ப்புதான்.

அன்று மாலை, பாதிப் படம் பார்த்ததைச் சொல்லாமல் முழு விமர்சனம் எழுதிப் போட்டேன். 'நாயகனுக்குத் தோல்வி என்பதே கிடையாது. அக்காவாக வருபவர் காபி கொடுப்பதற்கென்றே பிறந்திருக்கிறார்' என்று கிண்டல் வேறு. லைக்குகள் குவிந்தன.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தார். அந்த அக்காவாக நடித்தவரே அவர்தான். தையல் கடை வைத்திருக்கிறார், இதுதான் முதல் படம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கக் காங்கேயத்திலிருந்து அவர் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் வேன் பேசி வருவதாக இருந்ததாம். என் விமர்சனத்தைப் படித்துவிட்டு வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். குரலில் கோபமே இல்லை.

"ஏனுங்க, இடைவேளைக்கு அப்புறம் பாத்தீங்களா?" என்றார்.

எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன். மகள் விழுந்து முட்டியில் அடிபட்டதால் பாதியில் ஓடியதையும் சொன்னேன்.

"திட்டுங்க, பரவாயில்லீங்க. பாத்துப்போட்டுத் திட்டுங்க."

மறுநாள் சாயங்காலமே இருவரும் சேர்ந்து போனோம். டிக்கெட் எடுக்க என்னை விடவில்லை. இடைவேளைக்குப் பிறகு அந்தக் கம்பெனி மூழ்குகிறது. வேலை செய்த ஆறு பேருக்கும் முகம் காட்டப் பயந்து பையன் வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறான். அக்கா தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, அடுத்தவர் சொல்லி அவர்கள் கேள்விப்படுவதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு என்கிறாள். பின்னுகிற கை நிற்கவே இல்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. புள்ளைக்கு முட்டி ஆறிருச்சுங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து, பழைய விமர்சனத்தை அழிக்காமல், அதன் மேலேயே பாதிப் படம் பார்த்து எழுதியது என்று சேர்த்தேன். கீழே புதிதாக எழுதினேன். படத்தின் நீளத்தைக் குறையாகவும் சொன்னேன், அவர் நடிப்பைப் பாராட்டியும் சொன்னேன். நிறையப் பேர் என்னைக் கேலி செய்தார்கள். சிலர் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் வேனோடு பதினான்கு பேர் நிற்கும் போட்டோ ஒன்று எனக்கு வந்தது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். என் மகளை விசாரித்தாரே, அதனால்தான் இன்றும் யாரையாவது ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும்போது, இவரை நான் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன்.