நஃபீசாக்கா சொன்ன ‘இல்லை’

நஃபீசாக்கா வாயைத் திறந்தால் ஜாலான் புசார் தெரு முழுக்கக் கேட்கும். அங்குள்ள சின்ன ஹோட்டலில் எனக்கு வரவேற்பு மேசை. அவர் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவி. குளியலறைக் குழாய் ஒழுகினால் மேனேஜரையே நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் குரலே எழும்பாது. அவருக்கு வலிப்பு இருந்தது.

ஒருமுறை துணி அறையில் விழுந்து கைகால் இழுக்கக் கிடந்தார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். தெளிந்ததும் முதலில் கதவைத்தான் பார்த்தார்.

“யாரும் பார்க்கலையே? சாதியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம், பாக்கியம். உம்மாவுக்கு வலிப்புன்னா யாரு பொண்ணெடுப்பா? வெளிய சொல்லிடாத லா.”

மாத்திரைகளை விட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை உமைரின் அக்கா ஆஸ்மா காப்புறுதி முகவர். நிச்சயம் முடிந்த கையோடு, “மாமி, உங்களுக்கு நல்ல இன்சூரன்ஸ் பிளான் ஒண்ணு போட்டுத் தர்றேன்” என்று நஃபீசாக்காவின் செம்பவாங் வீட்டுக்கு வந்தாள். தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் கொடுமை. நம் ஆட்களுக்குக் காப்புறுதியும் விருந்தும் ஒன்று. ஒரு கையில் சமோசா, மறு கையில் ஐபேட்.

“சுகர், பிரஷர், ஹார்ட்?”

“இல்லம்மா.”

“ஃபிட்ஸ், வலிப்பு?”

சம்பந்தியம்மா அதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வி வந்ததும் தேநீர்க் கோப்பைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். சந்தேகப்பட்டுவிட்டார் என்றே நஃபீசாக்கா நினைத்தார்.

“இல்லவே இல்ல!” என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறார். கல்யாணம் நன்றாக நடந்தது.

இரண்டு வருடம் கழித்து நஃபீசாக்காவுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் சொன்ன விலை கூடிய புது மருந்துக்கு ஆஸ்மாவின் பிளானைத்தான் நம்பியிருந்தார். காப்புறுதி நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளை வரவழைத்தது. வலிப்பு வெளியே வந்தது. பிளானையே ரத்து செய்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

“கருப்பைக்கும் வலிப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லதான், ஆன்ட்டி. ஆனா மறைச்சா மொத்தமா போயிடும். சொல்லியிருந்தா வலிப்ப மட்டும் ஒதுக்கியிருப்பாங்க. கேன்சருக்குக் கிடைச்சிருக்கும்.” அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். “தனியா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, மாமி? நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.”

“உங்க உம்மா பக்கத்துல இருந்தாங்களேம்மா.”

ஆஸ்மா அழுதுகொண்டேதான் சொன்னாள்.

“உம்மாவுக்கும் வலிப்பு இருக்கு, மாமி. கல்யாணம் முடியிற வரைக்கும் உங்க வீட்டுக்குத் தெரியவே கூடாதுன்னு என் வாயைக் கட்டி வச்சிருந்தாங்க. அவங்க பிளான்ல மட்டும் நானே உண்மையச் சொல்லிட்டேன்.”

நஃபீசாக்கா சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

“அவங்களும் பயந்துதான் குனிஞ்சாங்களா?” என்று மட்டும் கேட்டார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த மருந்தை ஆரம்பிக்கவே இல்லை. நஃபீசாக்கா இல்லாத முதல் நோன்புப் பெருநாளுக்குச் சாதியாவைப் பார்க்கச் செம்பவாங் போனேன். அந்தச் சோபாவில் சம்பந்தியம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார்.