வளையத்தில் சந்தனம்

வடசென்னையில் விம்கோ நகர் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மா மெஷினை நான்தான் ஓட்டுகிறேன். தீயைக் கக்கித் தகட்டை வெட்டும் அதன் முனைக்கு டார்ச் என்று பெயர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தபோது, முதலாளி அண்ணாச்சி பில் போடும் மேஜையைக் காட்டினார். மெஷின்தான் வேண்டும் என்றேன். "சரி, ஓட்டு. டார்ச்சைக் கெடுத்தா மேஜைக்கு வந்துரணும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்னதை மறக்கிறவர் இல்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மெஷினைப் போட்ட காலையில், முதல் வெட்டிலேயே சத்தம் சரியில்லை. நன்றாக இருக்கும்போது ஒரே சீராகச் சீறும். அன்று விக்கியது. நீலமாக வரவேண்டிய தீ பச்சையாக வந்தது. பச்சை வந்தால் செம்பு எரிகிறது என்று அர்த்தம். டார்ச் நுனியில் துளையுள்ள மூடி மாதிரி இருக்கும் நாசிலும், அதற்குள் இருக்கும் எலெக்ட்ரோடும் செம்பு. எலெக்ட்ரோடின் நடுவே ஒரு பொட்டு வேறு உலோகம் இருக்கும். தீப்பொறி பிறப்பது அங்கேதான். வெட்ட வெட்ட அது தேய்ந்து குழியாகும். குழி ஆழமானால் நெருப்பு செம்பைத் தின்னும், அப்புறம் டார்ச்சையே தின்னும்.

நிறுத்திவிட்டுக் கழற்றினேன். ஒரு நாள் தாங்க வேண்டிய எலெக்ட்ரோடில் ஆழமான குழி. புது நாசிலும் எலெக்ட்ரோடுமாக ஒரு செட் மாட்டினேன். நாலைந்து வெட்டுக்குள் மறுபடியும் பச்சை. நாசிலின் வட்டத் துளை முட்டை போல இளித்திருந்தது. கடல் காற்றில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று கம்ப்ரசர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். காய்ந்திருந்தது. காற்றழுத்தமும் சரி.

பெட்டியில் மிச்சம் ஒரே செட்.

"சாயங்காலம் தகடு ஏத்த லாரி வந்துரும்லா" என்று அண்ணாச்சி வந்து நின்றார். "மாட்டி ஓட்டும்மா."

பயிற்சிக் காலத்தில் ஒரு டார்ச் வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் முகத்தைத் திருப்பியதால் தப்பித்தார். அது ஞாபகம் வந்ததும் ஸ்பேனர் பிடி நழுவியது.

பக்கத்தில் இருந்த வெல்டர் அண்ணன் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, பயந்துக்கினியா?"

"பயமெல்லாம் இல்லண்ணே."

"அப்ப கையி ஏன் ஆடுது? எறும்பு கட்ச்சிதா?"

டார்ச்சை முழுக்கப் பிரித்தேன். எலெக்ட்ரோடைச் சுற்றி ஒரு சின்ன வளையம் உண்டு. பக்கவாட்டில் ஊசித்துளைகள். அவற்றின் வழியே காற்று சுழன்று வந்துதான் நெருப்பை நடுவில் நிறுத்தும். நாசிலை மாற்றும்போது யாரும் வளையத்தை மாற்றுவதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கத்துத் துளைகளில் வெளிச்சம் வரவில்லை. நகத்தால் சுரண்டினால் மஞ்சள் பொடி. சந்தன வாசம்.

எங்கள் பட்டறையில் பூஜைக்கு எல்லாக் கருவியையும் பிரித்துத் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். இந்தத் தடவை வைத்தவர் அண்ணாச்சி. ஒரு துண்டையும் விட்டிருக்க மாட்டார். வெளியே துடைத்து மாட்டியாயிற்று. துளைக்குள் போனது காய்ந்துவிட்டது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சாமி காரியத்தில் குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு மேஜைதான். சொல்லாமல் ஓட்டினால் டார்ச் போகும், அப்போதும் மேஜைதான்.

"அண்ணாச்சி, பொட்டு உள்ள போய் அடைச்சிருக்கு."

"பாத்துப் பேசும்மா, சாமி குத்தம் ஆய்டப் போவுது" என்றார் வெல்டர் அண்ணன்.

அண்ணாச்சி வளையத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெல்டரைப் பார்த்து, "கழுவுனா சாமி கோவிச்சுக்கிடுமாக்கும்?" என்றார். என்னிடம், "கழுவு."

ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும். வெந்நீரில் ஊறவைத்து, காற்றடித்து, துளை துளையாக வெளிச்சம் பார்த்தேன். கடைசி செட்டை மாட்டினேன். காரணம் சந்தனம் இல்லையென்றால் இந்த செட்டும் போகும். அண்ணாச்சி நகரவே இல்லை.

பட்டனை அமுக்கினேன். கண் தானாக மூடியது. காதுதான் முதலில் கேட்டது, விக்கல் இல்லாத ஒரே சீறல். திறந்தால் நீலம். முதல் தகடு முடியும்வரை நீலத் தீதான். அண்ணாச்சி வெட்டிய துண்டின் ஓரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"போய் டீ குட்ச்சிட்டு வாம்மா, மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சு" என்றார் வெல்டர் அண்ணன்.

இப்போது இங்கிருந்து நகர்ந்தால் மறுபடி அந்தப் பட்டனில் விரல் வைக்க என்னால் முடியாது என்று அவரிடம் சொல்லவில்லை.

"அடுத்த தகடை ஏத்துங்கண்ணே" என்றேன்.