ஆரஞ்சு மடல்

தைத்து முடித்ததும் லோர்னா டாக்கெட், வெட்டி விழுந்த நூல் துண்டுகளைத் திரட்டிச் சமையலறைத் தராசில் போடுவாள். முள் அசையாது. தெரிந்தும் போடுவாள்.

"அசஞ்சா என்ன பண்ணுவே? அதையும் வெட்டுவியா?" என்று தம்பி வெல்டன் கேலி செய்வான்.

"எடையை நான் பாக்கலேன்னா மலையில உன் முட்டி பாக்கும்டா."

காலையில் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, மதியத்துக்கு மேல் தையல். கொலராடோவின் இந்த மலையூரில் செப்டம்பர் வந்தால் பாதி ஊர் வில்லோடு எல்க் மானைத் தேடிப் போய்விடும். லோர்னாவுக்குக் கடைச் சாமான்கள் ஆகாது. கிழிந்த கூடாரத் துணியில் முதுகுப்பை தைப்பாள். உடைந்த அம்புத் தண்டு கூடார முளையாகும். பூனை உணவு டப்பாவில் துளையிட்டு அடுப்பு செய்வாள். அவள் வீட்டில் பூனை இல்லை. உள்ளே இருப்பதை எதிர்வீட்டுப் பூனைக்குக் கொட்டுவாள். அது வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் விரட்டுவாள்.

அவள் பேர் பெற்றது பொய்மானில். காரின் வெயில் மறைப்பிலிருந்து உருவிய சுருள்கம்பியில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, திரும்பிப் பார்க்கும் பெட்டை எல்க்கை அதில் வரைவாள். "பின்பக்கத்து வெளிர் மஞ்சள் சரியா விழணும். கொம்பன் மூஞ்சியவா பாக்கப் போகுது? ஆம்பளைதானே!" மடித்தால் தட்டளவு, விரித்தால் கொம்புள்ள ஆண் எல்க் நம்பிக் கிட்டே வரும்.

மனிதனும் நம்புவான். அதனால், வருவது ஆள் என்று தெரியும்படி, நடக்கும்போது படத்தின்மேல் இழுத்துவிட ஓர் ஆரஞ்சுத் துணி மடல் வைத்துத் தைப்பாள். அந்த மாதத்தில் வில்லுக்காரர்களோடு, துப்பாக்கிக் குழலில் வெடிமருந்து கெட்டித்துச் சுடுபவர்களும் அதே காட்டில் திரிவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் தம்பிக்காக ஒன்று தைத்தாள். தராசு முள் அவள் நினைத்த கோட்டுக்கு ஒரு மயிரிழை தாண்டி நின்றது. மடலை வெட்டினாள். முள் கோட்டில் வந்து உட்கார்ந்தது. அன்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

வெல்டன் அதை மடிக்கச் சோம்பி, விரித்தபடியே முதுகில் மாட்டிக்கொண்டு மரங்களுக்கிடையே நடந்திருக்கிறான். சுட்டவன் ஓடிவந்து பார்த்து அங்கேயே வாந்தியெடுத்தானாம். வெல்டனின் வலது தோள் போயிற்று. இனி அவனால் வில்லை இழுக்க முடியாது.

இந்தக் கோடையில் அவன் இன்னொரு பொய்மான் கேட்டு வந்து நின்றான். மகள் பிரென்னா அம்பெய்வாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று பொய்மானைப் பிடித்துக்கொண்டு பெட்டையின் குரல் கொடுப்பான்.

"லேசா தெச்சுக் குடு அக்கா. ஒத்தத் தோள்லதான் எல்லாத்தையும் தூக்கணும்."

"மடலோட தெப்பேன்."

"அது காத்துல படபடன்னு அடிக்கும். எல்க் ஓடிரும். வேணாம்."

"அப்போ பொய்மானும் வேணாம்."

"எவனோ கண்ணு தெரியாம சுட்டான். அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? நான் உன்ன ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லல."

"சரி, வெச்சுத் தெய்யி" என்று சிரித்தபடி போனான். அவன் இடுப்பில் கத்தி தொங்கியது. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அதே வயிற்றில் பிறந்தவள்தானே.

புதுப் பொய்மானிலும் மடலை வழக்கம்போல் தனியாகத்தான் தைத்திருந்தாள். அந்தத் தையலைப் பிரித்தாள். கம்பி ஓடும் விளிம்பைச் சுற்றிலும் திறந்து, மடலின் ஓரத்தை உள்ளே செருகி, துணி, மடல், கம்பி மூன்றையும் ஒரே நூலில் பிடித்தாள். இனி மடலை அறுத்தால் விளிம்பும் அறும். கம்பி துள்ளி வெளியே வந்துவிடும். பெட்டை எல்க் வெறும் கந்தல்.

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். நூல் துண்டுகளை உள்ளங்கையில் கூட்டி எழுந்தாள். தராசைத் தாண்டிப் போய், குப்பைத் தொட்டியில் கையை உதறினாள்.