மேற்குப் பிரிவில் ஒன்பதாம் இடம்

2008 தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் போட்டியின் நடுவில் என் மகள் மயங்கி விழுந்தாள். பந்து அவளிடம் இல்லை. யாரும் இடிக்கவும் இல்லை. தன் பக்கத்துக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தவள் முழங்கால் மடங்கித் தரையில் கிடந்தாள். நான் பார்வையாளர் வரிசையின் மேல் வாங்கில் கடதாசிக் கோப்பையும் கோப்பியுமாக உட்கார்ந்திருந்தேன். எப்படிக் கீழே இறங்கினேன் என்பது இன்றுவரை ஞாபகத்தில் இல்லை. கோப்பி சிந்தாமல் கையில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் தாதி, நாங்கள் குடியேறிய ஊரின் மொழியான பிரெஞ்சில் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை சாப்பிட்டதா என்பது. என் மனைவி கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அவளுடைய பிரெஞ்சில் சாப்பாடும் தூக்கமும் மிகத் திருத்தமாக இருக்கும். காலையில் சாப்பிட்டாள் என்றும், மத்தியானத்துக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் தானே கட்டிக்கொடுத்ததாகவும் சொன்னாள். எங்கள் வீட்டுப் பிள்ளை பசியோடு வெளியே போனதாக ஓர் அரசாங்கக் கட்டிடத்துக்குள் பதிவாவதை அவள் விரும்பவில்லை. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். மகள் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்தாள்.

சாப்பிட்ட பிள்ளை ஓடும்போது விழுந்தால், அது இதயமாக இருக்கலாம் என்றார்கள். சில சோதனைகள் செய்தார்கள். இதய நிபுணர் பார்த்து முடிவு சொல்லும்வரை விளையாடக் கூடாது, நேரத்துக்குத் தூங்க வேண்டும். தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்க்கலாமா என்று கேட்டேன். தொலைக்காட்சி பார்ப்பது உடற்பயிற்சி அல்ல என்றார் அந்த இளம் டாக்டர். அவர் மேற்குப் பிரிவைப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்கத் தொழில்முறை அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பிரிவுக்கு எட்டு அணிகள்தான் இறுதிச் சுற்றுக்குப் போகும். அந்த ஆண்டு மேற்கில் நடந்தது, கோயில் விளையாட்டுப் போட்டியில் பெரியவர்களை வைத்து நடத்தும், பாட்டு நின்றதும் ஓடி இடம் பிடிக்கும் சங்கீதக் கதிரை போன்றது. யாரும் விட்டுக்கொடுக்கிற வயதில் இல்லை. முதலிடத்துக்கும் எட்டாமிடத்துக்கும் இடையில் ஒரு கெட்ட வாரம்தான் தூரம். திங்கட்கிழமை இரண்டாவதாக இருந்த அணி சனிக்கிழமை ஆறாவதாக நின்றது. இவற்றில் என் மகள் தன்னுடையது என்று வரித்துக்கொண்ட அணி எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கில் இருந்திருந்தால் அது கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.

அந்த ஆட்டங்கள் கண்டத்தின் மறுகரையில் நடப்பவை. நாங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் தொடங்கும். ஆகவே பழைய வீடியோப் பெட்டியில் நேரம் குறித்துப் பதிவுசெய்து, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் எல்லோருக்கும் முன் எழும்பி, கணினியில் முடிவைப் பார்ப்பேன். பெரிய வித்தியாசத்தில் வென்ற, அல்லது தோற்ற ஆட்டம் என்றால் கசெட்டை மேசையில் வைப்பேன். பிள்ளையின் இதயத்தைப் படபடக்க வைக்கக்கூடிய, கடைசி நிமிடத்தில் முடிவான ஆட்டங்கள் அலுமாரியில், என் குளிர்காலக் காற்சட்டைகளுக்குக் கீழே போகும். கேட்டால், பெட்டி வேலை செய்யவில்லை என்பேன்.

யாழ்ப்பாணத்தில் நான் கணிதம் படிப்பித்தவன். ஒரு பருவத்தில் ஒருதலையான ஆட்டங்கள் போதிய அளவு வரும் என்று நம்பியிருந்தேன். மேற்குப் பிரிவு ஒத்துழைக்கவில்லை. அலுமாரிக் கதவு மூடாமல் போனது. வேறு வழியின்றிக் கிழக்குப் பிரிவைப் பதிவுசெய்தேன்.

"கிழக்கோ?" என்று மகள் கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்க ஆர் முதலாவதா வாறது எண்டு இப்பவே தெரியும், அப்பா."

"அதுதான் நல்லது, பிள்ளை. நிம்மதியாப் பாக்கலாம்."

"நிம்மதியாப் பாக்கிறதெண்டால் வானிலை அறிக்கை பாக்கலாமே."

எங்கள் வீட்டில் மாலையில் செபமாலை உண்டு. பத்துப் பத்தாகச் சொல்லும் செபங்களில், ஒவ்வொரு பத்துக்கும் முன் ஒருவர் தன் கருத்தை, அதாவது எதற்காக வேண்டுகிறார் என்பதை, சொல்ல வேண்டும். மனைவி, மகளின் இதயத்துக்காக என்பாள். நானும் அப்படியே தொடங்கி, மேற்கில் ஓர் அணி நன்றாக முன்னுக்குப் போய் மற்றவை வரிசையாகப் பின்தங்க வேண்டும் என்று ஒருநாள் சேர்த்துக்கொண்டேன்.

"செபமாலைக்குள்ள பந்தைக் கொண்டு வராதேங்கோ," என்றாள் மனைவி. "மாதாவுக்கு வேற வேலை இல்லையே?"

மகளின் கருத்து எப்போதும் ஒன்றுதான்: தேவையில் இருக்கிற ஒருவருக்காக. ஆர் அது என்று தாய் கேட்டாள். சொல்லக் கூடாது என்றாள். பிள்ளை பக்குவப்படுகிறது என்று நாங்கள் கண்ணால் பேசிக்கொண்டோம்.

உயிர்த்த ஞாயிறு போய், சித்திரை மாதமும் வந்தது. செவ்வாய்க்கிழமை இதய நிபுணரிடம் போக வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து கர்க்லாண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது மகள் சொன்னாள், இன்றைக்குத் தன் அணியின் ஆட்டம் பின்னேரமே நடக்கிறது, நேரடி ஒளிபரப்பு என்று. நேரடி என்றால் முடிவை முன்கூட்டிப் பார்க்க இடமில்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு குடும்பத்தை நெடுநாளாகப் பார்க்கவில்லையே என்றேன்.

"இப்பதானே கோயில்ல பாத்துக் கதைச்சனீங்கள்," என்றாள் மனைவி.

வீட்டுக்கே வந்தோம். ஆட்டம் தொடங்கியதும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கமும் முன்னுக்குப் போகவில்லை. போனால் உடனே மற்றப் பக்கம் வந்து சேர்ந்தது. மூன்றாம் பகுதியில் மகள் கையை இழுத்தாள்.

"விடுங்கோ அப்பா. வேர்க்குது."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

நேரம் முடிந்தபோது இரு பக்கமும் சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். யார் இந்த விதியை எழுதினார்களோ, அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க முடியாது. நான் மறுபடி பிடித்த மணிக்கட்டில் அவளுடைய நாடி மணிக்கூடு போலச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளுடைய அணி ஒரே ஒரு கூடையால் தோற்று, ஒன்பதாம் இடத்துக்குப் போனது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"மூண்டு வெள்ளிக்கிழமை வீணாப் போச்சு," என்றாள்.

"என்ன வெள்ளிக்கிழமை?"

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "என்ன வெள்ளிக்கிழமை, பிள்ளை?"

"ஒருசந்தி பிடிச்சனான்."

தவக்காலத்து உபவாசத்தை நாங்கள் ஒருசந்தி என்போம். பெரியவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடாவது உண்டு. இவள் தன் கணக்கில் அதையும் விட்டிருந்தாள்.

"ஆருக்காக?"

"எட்டாமிடத்துக்காக."

"நான் கட்டித் தந்த சாப்பாடு?"

"காலமைச் சாப்பாட்டையும் சேத்துக் கொண்டுபோய்ச் சிநேகிதிக்குக் குடுத்திட்டன். அவளுக்குப் புட்டெண்டால் காணும், வேறொண்டும் வேண்டாம்."

"தண்ணியாவது குடிச்சியே?"

"அரைகுறையாப் பிடிச்சால் பலனில்லை எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்."

"அதை ஏனடி டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"ஒருசந்தியை வெளியில சொன்னால் பலன் போயிடும் எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள். அதோட, நான் வாய் திறக்க முதல் நீங்கள் சாப்பிட்டவ எண்டு சொல்லிப் போட்டீங்கள். அப்பா தலையாட்டினவர்."

மனைவி கதிரையில் உட்கார்ந்தாள். மறைக்கல்வி வகுப்பில் அவள் பல ஆண்டுகளாகப் படிப்பித்ததை ஒரு பிள்ளையாவது முழுதாகக் கேட்டிருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டியவள் அழுதாள். பிறகு எழுந்து போய், சோறு கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தாள். நாங்கள் மத்தியானம்தான் சாப்பிட்டிருந்தோம். மகள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே, அலுமாரியில் இருக்கிற கசெட்டுகளைப் பற்றிச் சொன்னாள். எந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று பள்ளிக்கூடப் பஸ்ஸிலேயே மற்றப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்களாம். நான் தராதவை எல்லாம் நல்ல ஆட்டங்கள் என்று தெரியுமாம்.

"பின்ன ஏன் என்னோட இருந்து மற்றதுகளைப் பாத்தனி?"

"அப்பதான் நீங்கள் கொஞ்சம் ஆறுதலா இருப்பீங்கள்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை நிபுணர் எல்லாத் தாள்களையும் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளை காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெலிய வேண்டும் என்பதற்காகவா என்று கேட்டார். இல்லை, மேற்குப் பிரிவில் எட்டாமிடத்துக்காக என்றேன். எந்த அணி என்று மகளிடமே கேட்டார். அவள் சொன்னாள்.

"அது பட்டினியால் ஆகிற காரியமில்லை," என்றார் பிரெஞ்சில். "இந்த வருடம் அங்கே யாருக்கும் சுலபமில்லை."

இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, சாப்பிடலாம், குடிக்கலாம், விளையாடலாம் என்றார். தயவுசெய்து இன்னொருமுறை பாருங்கள் என்று கேட்டேன். பார்த்தார். எனக்காகத்தான் பார்த்தார் என்று தெரிந்தது. மனைவி நன்றியோடு மூன்று தடவை மெர்சி சொன்னாள்.

மகளின் அணி கடைசிவரை எட்டாமிடத்துக்குத் திரும்பி வரவில்லை. வென்ற ஆட்டங்களை எண்ணினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் இறுதிச் சுற்றுக்குள் போகாமல் வீட்டுக்குப் போனது. அதைவிடக் குறைவாக வென்றவர்கள் கிழக்கில் உள்ளே போனார்கள். இது அநியாயம் என்று மகளை விட நான்தான் அதிகம் பேசினேன்.

வசந்தகாலப் போட்டிகளில் அவள் மறுபடி விளையாடினாள். முதல் நாள் காரை நிறுத்திவிட்டு, என் கண்ணுக்கு முன்னால் புட்டுச் சாப்பிட வைத்தேன். தண்ணீர்ப் போத்தலையும் பாதிவரை குடிக்கச் சொன்னேன். "வயிறு முட்டி விழப் போறன்," என்றாள். மேல் வாங்கில் இடம் இருந்தும் கீழே, கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோப்பி வாங்கவில்லை.

அவள் ஓடியபோதெல்லாம் நான் பந்தைப் பார்க்கவில்லை, முழங்கால்களைப் பார்த்தேன். கடைசி நிமிடம்வரை ஆட்டம் சமமாகப் போனதாகப் பிறகு சொன்னார்கள். தோற்றுவிட்டார்கள் என்பது மகளின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். வேர்வையோடு நேரே என்னிடம் நடந்து வந்தாள்.

"அப்பா, மிச்சப் புட்டு இருக்கோ?"