ஒரு டிக்கெட்டில் ஏழு பேர்

எங்கள் வீட்டில் மாதம் ஒரு படம் பார்ப்போம். பார்ப்போம் என்றால், சனிக்கிழமை மாமா மன்னார்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் மதியம் எங்களுக்கு அதைச் சொல்வார். நான், தம்பி, அம்மா, எதிர்வீட்டுச் சித்தி, சித்தியின் இரண்டு பெண்கள். மாமாவையும் சேர்த்து ஒரு டிக்கெட்டில் ஏழு பேர்.

அப்பா சவூதிக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பணம் மாடி வீடாகவும் கலர் டிவியாகவும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்கு வாய்த்த கம்பெனிக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் சம்பளம் ஞாபகம் வரும். நடுவில் அம்மாவின் தையல் மிஷின் எங்களை ஓட்டியது. அம்மாவின் தம்பிதான் மாமா. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நீடாமங்கலத்தில் ஒரு சைக்கிள் கடையில் அரை நாள் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குத் துணை என்று பெயர். உண்மையில் அவருக்குத் துணையாக நாங்கள்தான் எப்போதும் பின்னாலேயே திரிந்தோம்.

‘நம்மால் முடியாது’ என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. நாம் ஏன் தியேட்டருக்குப் போவதில்லை என்று தம்பி அழுதபோது அவள் தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

“பெரிய மனுஷங்க எல்லாத்துக்கும் நேர்ல போவாங்களாடா? ஆள் அனுப்பித்தான் பாப்பாங்க. நாம மாமாவ அனுப்புறோம்.”

தம்பி அதை நம்பினான். நானும் நம்பினேன். இன்றும் முழுதாக நம்பாமலில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவியபின் படம் ஆரம்பமாகும். அம்மா மணலில் வேர்க்கடலை வறுத்து முறத்தில் கொட்டி வைப்பாள். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்குவோம். மாமா முதலில் கனைத்துக்கொண்டு தயாரிப்பாளர் பெயரிலிருந்து தொடங்குவார். சண்டைக்கு எவர்சில்வர் தட்டு, மழைக்கு அரிசி புடைக்கும் சத்தம், குதிரைக்கு இரண்டு கொட்டாங்கச்சி. பாட்டு வந்தால் எழுந்து ஆடுவார். முக்கியமான இடத்தில் நிறுத்தி, “இன்டர்வல்” என்பார். சுக்குக் காப்பி வந்தால்தான் மறுபாதி. கரண்ட் போனாலும் எங்கள் படம் நிற்காது. எதிர்வீட்டுச் சித்திக்கு அதில் தனிப் பெருமை.

வந்த வினை பள்ளிக்கூடத்தில் வந்தது. மாமா சொல்லும் கதைகளைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்லி நான் ஒரு பெரிய ஆளாகியிருந்தேன். அந்த மாதக் கதையில் கதாநாயகன் வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை செய்பவன். புயலில் காணாமல்போன அம்மாவைத் தேடிக் கப்பலேறிப் போவான். வகுப்பே வாய்பிளந்து கேட்டது. என் பக்கத்தில் உட்காரும் பெண் மட்டும் சிரித்தாள். அவளுடைய அப்பா சிங்கப்பூரில் இருந்தார். அவர்கள் வீட்டில் வீடியோ டெக் இருந்தது.

“அதுல கப்பலே வராதுடி. அவரு போலீஸு. அம்மாவே கெடையாது.”

“எங்க மாமா தியேட்டர்லயே பாத்தாங்க.”

“சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. கேசட்டு இருக்கு.”

போனேன். அவள் சொன்னதுதான். உப்பளம் இல்லை, புயல் இல்லை, கப்பல் இல்லை. ஒரு போலீஸ்காரர் பனி மலையில் ஆடிக்கொண்டிருந்தார். அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைக் கையில் வைத்தபடியே கடைசிவரை பார்த்தேன். மாமா படமே பார்க்கவில்லை.

அப்படியென்றால் அம்மா கொடுக்கும் காசை வாங்கிக்கொண்டு எங்கே போகிறார்? எங்கள் தெருவில் சனிக்கிழமை தள்ளாடிக்கொண்டு வருபவர்களை எனக்குத் தெரியும். சீட்டாடிச் சைக்கிளைத் தோற்றவரையும் தெரியும். அம்மாவிடம் சொன்னால் மாமாவைத் திட்டுவாள். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை நின்றுபோகும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அந்த மாதம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள்.

அடுத்த படத்துக்கு மாமா கிளம்பிய சனிக்கிழமை பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலேயே ஓடினேன்.

“மாமா, நானும் வர்றேன்.”

“பெரியவங்க படம் பாப்பா. ஒனக்குப் புரியாது.”

“போன படத்துல கப்பலே வரல மாமா. நான் பாத்துட்டேன்.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். பஸ் வந்து நின்றதும் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அம்மாவிடம் சொல்லச் சொல்லி டீக்கடைக்காரரிடம் ஒரு குரல் கொடுத்தார்.

மன்னார்குடியில் முதலில் தியேட்டருக்குத்தான் போனோம். உள்ளே இல்லை, வாசலுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த படங்களை மாமா ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். யார் யாரை அடிக்கிறார், யார் அழுகிறார், யார் கையில் துப்பாக்கி. பிறகு ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கினார். அவ்வளவுதான் படம். மீதியெல்லாம் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரே எடுத்தது.

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கிரில் பட்டறைக்குக் கூட்டிப்போனார். புதிதாக எழும்பும் மாடி வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற இடம். வெல்டிங் கற்றுக்கொடுக்கும் மேஸ்திரியிடம் அம்மா கொடுத்த காசைக் கொடுத்துவிட்டு, மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு கையில் முகமூடிப் பலகையைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

“அந்தப் பக்கம் திரும்பி நில்லு. நெருப்பப் பாக்கக் கூடாது, கண்ணு போயிடும்.”

திரும்பி நின்றேன். எதிர்ச் சுவரில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்தது. குடியும் இல்லை, சீட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, பசியும் வந்தது. வேலை முடிந்து மாமா வாங்கிக் கொடுத்த இரண்டு பரோட்டாவையும் ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

“இது எதுக்கு மாமா கத்துக்கிறீங்க?”

“ஒரு டெஸ்ட் இருக்கு பாப்பா. பாஸ் பண்ணணும். அக்காகிட்ட சொல்லிடாத. இப்பவே சொன்னா பயந்துக்கும்.”

பெரியவர்களுக்கும் பரீட்சை உண்டு என்பதும், அதை மறைத்துப் படிக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன்.

சத்தியத்தை ஒரு நாள்கூட நிம்மதியாகக் காப்பாற்ற முடியவில்லை. அன்று கடைசியில் முகமூடி இல்லாமல் ஓர் ஒட்டு வைத்திருக்கிறார் போலிருக்கிறது. ஞாயிறு காலையில் மாமா கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். இமை வீங்கி, கன்னமெல்லாம் தண்ணீராக வழிந்தது. மணல் கொட்டினாற்போல இருக்கிறது என்று முனகினார். மெட்ராஸ் ஐ, யாரும் பக்கத்தில் போகாதீர்கள் என்று எதிர்வீட்டுச் சித்தி தன் பெண்களை இழுத்துக்கொண்டாள்.

கண்ணு போயிடும் என்று அவர் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பூசையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. திரும்பி வந்ததும் அடுப்படியில் அம்மாவிடம் போய் நின்றேன். மாதா மன்னிக்கட்டும்; கண் போவதைவிட சத்தியம் போகட்டும்.

“அம்மா, மாமா நேத்து...”

“சோகமான படம்டி அது,” என்றாள் அம்மா. அவள் உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். “ரொம்ப அழுதுட்டான். இத வச்சுக் கட்டுனா நாளைக்குள்ள சரியாயிடும், கேட்டுட்டு வந்துட்டேன். நீ போயி கடலைய எடு.”

வெல்டிங் பட்டறைகளில் கண்ணுக்கு இதைத்தான் வைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது; யாரிடம் கேட்டாள் என்று கேட்கவும் தோன்றவில்லை. அம்மா இவ்வளவு ஏமாளியாக இருக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டபடி கடலையை எடுக்கப் போனேன்.

அன்று படம் நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. மாமா படுத்தபடியே, கண்மேல் உருளைக்கிழங்கும் அதன்மேல் அம்மாவின் வெள்ளைத் துணியுமாகப் படத்தைச் சொன்னார். எதிர்வீட்டுச் சித்தி வாசற்படிக்கு அப்பால் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள். தட்டைத் தம்பி அடித்தான். கொட்டாங்கச்சி என்னுடையது. அவர் இதுவரை எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். பூம்புகார்க் கரையில் ஒரு வில்லன் தன் பொய் மீசையைத் தொலைத்துவிட்டு அலைக்கு அலை துரத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கட்டை அவிழ்த்தார்கள். மாமா மெதுவாக இமைகளைப் பிரித்தார். நான் மூச்சு விடவில்லை. அவர் கண்ணைக் கசக்கி, எங்களைச் சுற்றிப் பார்த்து, முறத்தைப் பார்த்தார்.

“ஏய், எனக்கு ஒரு கடலகூட வைக்கலயா?”

அவருக்குக் கண் தெரிந்தது! தம்பி கட்டிலில் ஏறிக் குதித்தான். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கண் பிழைத்தது, இரகசியம் பிழைத்தது, அடுத்த மாதப் படமும் பிழைத்தது.

விளக்கேற்றி செபமாலை சொல்ல உட்கார்ந்தோம். முடிவில் எப்போதும்போல அம்மா அப்பாவுக்காக வேண்டிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, மாமாவைப் பார்க்காமல், “எந் தம்பி போற எடத்துல அவனுக்கு ஒரு கொறையும் வராம பாத்துக்க மாதாவே” என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். மன்னார்குடிக்குப் போய்வருவதற்கு இவ்வளவு பெரிய வேண்டுதலா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த டெஸ்டில் தேறியவர்களைக் கடல் தாண்டி எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரையும்விட உரக்க நான்தான் ஆமென் சொன்னேன்.