பஸ்தியாம்பிள்ளையின் இரண்டாவது கல்யாணம்

அன்று காலை ஐந்து இருபதுக்கு, சுப்பர்மார்க்கெட்டின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் றெஜினா அன்ரியின் காருக்காகக் காத்து நின்றேன். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஒன்றரை வருடமாக அவருடைய காரில்தான் பாண் சுடும் தொழிற்சாலைக்குப் போய் வந்தேன். அவர் ஒருநாளும் பிந்தியதில்லை. ஐந்து நாற்பதுக்கு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். வேலைக்கு வெளிக்கிட்டு சப்பாத்துப் போடும்போது அன்ரி கீழே சரிந்துவிட்டாராம், அம்புலன்ஸ் வந்தும் பயனில்லையாம். நான் அழவில்லை. அன்றைக்கு அன்ரியிடம் சொல்ல ஒரு வசனத்தைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். இதை இனி யாரிடம் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைக் கோயில் பாடகர் குழுவில் தெரியும். திருநாட்களில் பெரிய சட்டியில் இறைச்சிக் கறி கிண்டிக்கொண்டு எல்லாரையும் வேலை ஏவியவராகத் தெரியும். எனக்கு அவரைக் காருக்குள் மட்டும்தான் தெரியும். வாய்மொழிப் பரீட்சை ஒன்றில் வாய் திறக்க முடியாமல் எழுந்து போனவள் நான். பிறகு பள்ளிக்கூடம் போகவேயில்லை. அன்ரி அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. முதல் கிழமை முழுவதும் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "கதைக்கப் பயமெண்டா முன்கண்ணாடி வைப்பரைப் பாத்துக்கொண்டு கதை பிள்ளை, அது திருப்பிக் கதைக்காது" என்றார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு மன்னார்ப் பக்கத்து ஆள் ஒருவர் புதிதாக வந்தபோது, கோப்பி இடைவேளை முடிவதற்குள் அவர் தன் அண்ணியின் சொந்தக்காரர் என்று அன்ரி கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். "ஒரே பேர் நூறு பேருக்கு இருக்கும். நான் பேரைக் கேக்கிறேல்லை, ஆற்ர பிள்ளையெண்டுதான் கேப்பன்" என்றார். யாருடைய பிள்ளை என்ற அந்தக் கேள்வியை அன்றைக்கே நான் காதில் ஏற்றியிருக்க வேண்டும்.

அன்ரியின் பூட்டன்களில், அதாவது பாட்டன் பாட்டியின் தகப்பன்மாரில், ஒருவர் பஸ்தியாம்பிள்ளை. மலாயாவில் தண்டவாளம் போடத் தொடங்கிய காலத்தில் அவர்களுடைய ஊரிலிருந்து முதலில் கப்பலேறியவர். மனைவி மதலேனம்மாவையும் மகனையும் மகளையும் விட்டுவிட்டுப் போனார். கடிதம் நின்றது. வளர்ந்த மகன் தகப்பனைத் தேடிப் போனான். அவனும் திரும்பவில்லை. ஊரில் நின்ற மகளின் வழியில் வந்தவர்தான் அன்ரி. பூட்டன் அங்கே வேறு குடும்பம் வைத்தவர் என்று ஊர் முடிவுகட்டியது. அன்ரி சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் கல்யாண வீடுகளில் பெண்கள், "மலாயாக்காரன்ர வம்சம், ஆம்பிளையள் நிக்கமாட்டினம்" என்று அவர் காதுபடவே சொல்வார்களாம். அது பொய் என்று நிரூபிக்கத்தான் அவர் தேடத் தொடங்கினார். ஊர்க் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகளை ஒரு கொப்பியில் தன் கையால் எழுதி வைத்திருந்தார். மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் தூரத்து உறவினர் ஒருவர், அங்குள்ள கோயிலின் பழைய பதிவுப் புத்தகங்களைப் படமெடுத்து அனுப்பினார். சிறிய ஆங்கிலக் கையெழுத்து. அன்ரியின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கணினியில் பதிந்து வம்சாவளி தயாரிக்கும் வேலையை என்னிடம் தந்தார்.

படங்களில் ஒரு விவாகப் பதிவு இருந்தது. மாப்பிள்ளை பெயர் பஸ்தியாம்பிள்ளை சூசைப்பிள்ளை. அன்ரியின் பூட்டனுடைய தகப்பன் பெயரும் சூசைப்பிள்ளைதான். டென்மார்க்கில் பிறந்த எனக்கு, என் வேலை அட்டையில் உள்ளதுபோல முதலில் சொந்தப் பெயர், பிறகு தகப்பன் பெயர். எனவே இவர்தான் அவர் என்று பதிந்தேன். மதலேனம்மா ஊரில் உயிரோடு இருக்க, அவருக்கு இரண்டாவது மனைவியை நானே கட்டிக்கொடுத்தேன்.

செப்டெம்பரில் அச்சடித்துக் கொடுத்த தாளை அன்ரி ஸ்டியரிங்கில் வைத்துப் பார்த்தார். "சரி. சனம் சொன்னது உண்மைதான்" என்றார். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அன்று வீடு வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

இந்த ஜனவரியில், முதல் பெயரை மட்டும் பார்த்து வேறு யாருடையதோ என்று நான் ஒதுக்கி வைத்திருந்த அடக்கப் பதிவு ஒன்றைத் திரும்பத் திறந்தேன். சூசைப்பிள்ளை பஸ்தியாம்பிள்ளை, காய்ச்சலால் மரணம், மனைவி மதலேனம்மா, யாழ்ப்பாணம். அந்த விவாகத்துக்குப் பல வருடங்களுக்கு முந்தைய பதிவு. அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதினார்கள். மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைத்தார்கள். கல்யாணம் செய்தது தகப்பனைத் தேடிப் போன மகன் சூசைப்பிள்ளை. தகப்பன் எப்போதோ இறந்துபோயிருந்தார்.

ஒன்பது வேலைநாட்கள் அந்தக் காரில் வைப்பரைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு நாளும் வசனத்தைத் தயார்படுத்தினேன். ஒவ்வொரு நாளும் தொழிற்சாலை வாசல் வந்துவிட்டது. பத்தாம் நாள் கார் வரவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டு கிழமையில் அன்ரியின் கணவர் ஜெயம் அங்கிள் தொலைபேசியில் கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் போட வம்சாவளியை அனுப்பச் சொன்னார். பேசாமல் திருத்தி அனுப்பிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவர்களுடைய வீட்டுக்கு நடந்து போனேன். குசினிக்குள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அங்கே வைப்பர் இல்லை, சுற்றிக்கொண்டிருந்த சலவை மெசினைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

அங்கிள் அடக்கப் பதிவை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப அந்த மனுசன் ஓடேல்லை."

"இல்லை அங்கிள். செத்துப் போனவர்."

அவர் எழுந்து போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். நவம்பரில் இறந்தோருக்காக ஒப்புக்கொடுக்கும் பூசைக்கு, வருடாவருடம் அன்ரி எழுதிக் கொடுக்கும் பெயர்ப் பட்டியல் அது. போன நவம்பரின் பிரதி. நாலாவது பெயர் பஸ்தியாம்பிள்ளை. அதன்மேல் ஒரு கோடு.

"கலியாணம் கட்டி வந்த காலந்தொட்டு அவ அவருக்குப் பூசை குடுத்தவ. இந்த முறைதான் வெட்டினவ" என்றார். தாளை மேசையில் வைத்துவிட்டு, "நீர் கண்ட அண்டைக்கே சொல்லியிருக்கலாம், பிள்ளை" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் ஏசவில்லை. நடந்ததை மலரில் எழுதச் சொன்னார், என் பிழையையும் சேர்த்து. அதனால்தான் இதை எழுதினேன். அடுத்த பக்கத்தில் உள்ள வம்சாவளி திருத்திய வம்சாவளி. செப்டெம்பர்த் தாள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். ஊரில் அந்தக் கதையை இன்னும் சொல்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அன்ரியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நவம்பர்ப் பட்டியல். அங்கிளிடம் கேட்டு வாங்கினேன். கோட்டை அழிக்கவில்லை. அதைப் போட்டது அவருடைய கை, போட வைத்தது நான். முப்பத்தோராம் நாள் பூசைக்கான புதிய பட்டியலை என்னையே எழுதச் சொன்னார் அங்கிள். அன்ரியின் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறேன்: சூசைப்பிள்ளையின் மகன், மதலேனம்மாவின் கணவன், பஸ்தியாம்பிள்ளை. எதையும் விடாமல் வாசிக்கும்படி பாதரிடம் நானே போய்க் கேட்டேன்.